ரஷ்யன் ரிவர் பக்கம் மூன்று நாள்: மரக் கேபினா, கிளாம்பிங் கூடாரமா?

பூவரசு (ஃப்ரீமான்ட்) | ஜூன் 3, இரவு 10:42

வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கோல்டன் கேட், பதினேழு மைல் டிரைவ், லிவர்மோர் கோவில் எல்லாம் முடித்தாயிற்று. இப்போது அப்பா, "கடல், பாலம் எல்லாம் போதும், ஒரு நல்ல ஆறு காட்டும்மா" என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் இருந்தவர். ஃப்ரீமான்டில் ஆறு என்று நாம் சொல்வதைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாய்க்கால் என்று சொல்லிவிட்டார்.

ஜூலை கடைசியில் மூன்று நாள், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ரஷ்யன் ரிவர் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். கணவர் ஒரு கிளாம்பிங் கூடாரம் பார்த்து வைத்திருக்கிறார். மரத்தளத்தின் மேல் வெள்ளைக் கான்வாஸ், உள்ளே பெரிய கட்டில், தொங்கும் விளக்கு, வாசலில் நெருப்புக் குழி. எனக்குப் பழைய மரக் கேபின்தான் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். பிள்ளைகளுக்கு வயது ஒன்பது, ஐந்து. எல்லோரும் சைவம், அதனால் ஒரு வேளையாவது சமைத்தாக வேண்டும்.

கெர்ன்வில் பக்கம் ஆற்றோரத்தில் தங்குவதா, ஜென்னர் பக்கம் கடலோரத்தில் தங்குவதா? போனவர்கள் சொல்லுங்கள்.

தயிர்வடை | ஜூன் 3, இரவு 11:05

மேலே வெள்ளைத் துணி, கீழே பலகை, நடுவில் தொங்கும் விளக்கு. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சாமியானா. நாற்காலியோடு சேர்த்து நாள் வாடகைக்கு விடுவார்கள். உங்களுக்கு எவ்வளவு சொன்னார்கள்?

பூவரசு | ஜூன் 3, இரவு 11:11

வரி எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 340 டாலர்.

தயிர்வடை | ஜூன் 3, இரவு 11:12

நாற்காலியாவது உண்டா?

நெய்தல்வாசி (சான்டா ரோசா) | ஜூன் 4, காலை 7:20

பதினொரு வருடமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். மாதம் ஒரு தடவையாவது அந்த ஆற்றோரம் போய்விடுவேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கேபின் படம் பார்க்கும்போது முகப்பை மட்டும் பார்க்காதீர்கள், அது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். கெர்ன்வில், மான்டி ரியோ ஊர்களில் ஆற்றை ஒட்டிய வீடுகள் பல தூண்களின் மேல் நிற்கும். கீழே கார், மேலே வீடு. எல்லாம் வெள்ளத்துக்காகச் செய்தது. கெர்ன்வில்லில் ஆறு 32 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. 2019 பிப்ரவரி 27 அன்று 45 அடியைத் தாண்டியது. எந்தப் பக்கம் போனாலும் சாலை தண்ணீருக்குள். ஊர் தீவாகிவிட்டது என்று ஷெரிஃப் அலுவலகமே அறிவித்தது. இப்படிப் பல தடவை பட்டுப் பட்டுத்தான் வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கோடையில் போகிற உங்களுக்கு வெள்ளம் வராது. ஆனால் அவர்கள் வெள்ளத்துக்குப் போட்ட படியில் ஏறப்போவது உங்கள் அம்மா. பதினைந்து, இருபது படி அங்கே சர்வசாதாரணம். "டெக்கில் உட்கார்ந்தால் ஆறு தெரியும்" என்று விளம்பரத்தில் இருந்தால் படி உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன் படி எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம் குளிர். இந்தக் கேபின்களில் பழையவை எல்லாம், சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்கள் கோடையில் ரயிலேறி வந்து தங்குவதற்காகக் கட்டியவை. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடியது. 1930களில் நின்றுவிட்டது. கோடைக்கு மட்டும் என்று கட்டியதால் சுவர் வெறும் பலகைதான். புதுப்பித்தவற்றில் ஹீட்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அது கூடத்தில் ஒன்று இருக்கும், படுக்கையறைக்குச் சூடு வந்து சேராது. ஜூலையில் மதியம் 90 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும், விடியற்காலை 50க்கு இறங்கும். ரெட்வுட் மரங்களுக்கு அடியில் இருக்கும் கேபின் என்றால் பகலிலும் இருட்டுதான். குளித்துவிட்டுத் துண்டைக் காயப்போட்டால் ஊருக்குத் திரும்பும்போதும் ஈரமாகவே இருக்கும்.

கூடாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: கழிவறை எங்கே? பெரும்பாலும் பொதுக் குளியல் கட்டடம் ஒன்று தனியாக இருக்கும். சுத்தமாக, வெந்நீரோடு, நன்றாகவே இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஜிப்பைத் திறந்து, செருப்பு தேடி, டார்ச் அடித்துக்கொண்டு நூறு அடி நடக்க வேண்டும். உங்கள் அம்மா அதை இரண்டு தடவை செய்வாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மழைக்காகிதம் (சன்னிவேல்) | ஜூன் 4, காலை 9:48

கூடாரத்துக்காக யாராவது பேச வேண்டுமே, நான் பேசுகிறேன்.

போன செப்டம்பரில் நாங்கள் இருவரும் எட்டு மாதக் குழந்தையும் கெர்ன்வில் பக்கம் இரண்டு ராத்திரி கூடாரத்தில் இருந்தோம். மெத்தையில் சூடேற்றும் விரிப்பு இருந்தது, குளிர் தெரியவே இல்லை. விடியற்காலையில் கான்வாஸ் மேல் டொப் டொப்பென்று சத்தம். மழை என்று நினைத்து வெளியே வந்தால் வானம் சுத்தமாக இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, மரத்துக்கு நேர் கீழே மட்டும் நனைந்திருக்கிறது. கடல் பக்கமிருந்து ராத்திரி மூடுபனி ஏறி வந்து ரெட்வுட் இலையில் படிந்து சொட்டுகிறது. மழையே இல்லாத கோடையில் அந்த மரம் தன் தண்ணீரில் ஒரு பங்கை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது என்று அப்புறம் படித்தேன். கேபினுக்குள் படுத்திருந்தால் இந்தச் சத்தம் கேட்டிருக்காது. 340 டாலரில் ஒரு நூறையாவது அந்தச் சத்தத்துக்கு எழுதிக்கொள்வேன்.

ஆனால் நெய்தல்வாசி சொன்னது சரி. பெரியவர்களுக்குக் கூடாரம் வேண்டாம். கூடாரம் போடும் இடங்கள் சிலவற்றில் அலுமினிய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளும் நிறுத்தியிருப்பார்கள், அதில் கழிவறை உள்ளேயே உண்டு. வண்டிக்குள் நடக்கும் இடம் ஒரு முழம்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயிர்வடை | ஜூன் 4, காலை 10:02

டொப்புக்கு நூறு டாலர். சரி, மீதி 240?

மழைக்காகிதம் | ஜூன் 4, காலை 10:15

எட்டு மாதக் குழந்தை தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கியது. மீதி 240 அதற்கு. குழந்தை பெற்றுப் பாருங்கள், தெரியும்.

சின்னக்குடை (சான் ரமோன்) | ஜூன் 4, மதியம் 12:30

சமையல் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கதையைக் கேளுங்கள். இடத்தின் பெயரெல்லாம் வேண்டாம், சண்டை முடிந்துபோயிற்று.

விளம்பரத்தில் "சமையலறை உண்டு" என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மேசை, அதன் மேல் ஒற்றை மின்சார அடுப்பு, ஒரு வாணலி, ஒயின் பாட்டில் திறக்கும் கருவி நான்கு. நானும் மனம் தளராமல் ரசம் வைத்தேன். கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் போட்டுத் தாளித்ததுதான் தாமதம், புகை அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. கேபின் முழுக்கவே ஓர் அறை, மேலே தாழ்வான பலகைக் கூரை, புகை போக வழியே இல்லை. மாமனார் நாற்காலியில் ஏறி நின்று செய்தித்தாளால் விசிறுகிறார், பக்கத்துக் கேபின்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வருகிறார்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து 180 டாலர் கூடுதல் கட்டணம் வந்தது. சமையல் வாசனைக்கு ஒரு பங்கு, வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறைக்கு ஒரு பங்கு. வாசனைக்குக் கட்ட மாட்டேன் என்று எழுதினேன், விட்டுவிட்டார்கள். துண்டுக்குக் கட்டினேன். அது நம் தப்புதான், மாமியார் அதில்தான் கை துடைத்தார்.

அதனால் மூன்று விஷயம் செய்யுங்கள். தாளிப்பதை வெளியே சின்ன கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய கைலித் துண்டு நான்கு எடுத்துப் போங்கள். முதல் நாள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் 101 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபின் யாருக்கும் சமைக்கத் தெம்பு இருக்காது. கெர்ன்வில்லில் சேஃப்வே கடை ஒன்று உண்டு, பால் தயிருக்குக் கவலை இல்லை.

பூவரசு | ஜூன் 4, இரவு 9:33

எல்லோருக்கும் நன்றி. நெய்தல்வாசி அண்ணா, உங்கள் பதிவைக் கணவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கழிவறை வரை வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டார். கூடாரம் இல்லை என்று ஆயிற்று. பெரிய பையன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான்.

கடலோரத்தில் தங்கினால் எப்படி? ஜென்னருக்கு வடக்கே குன்று மேல் ஒரு கேபின் பார்த்தேன், ஜன்னல் முழுக்கக் கடல். படி மூன்றே மூன்று, கேட்டுவிட்டேன்.

நெய்தல்வாசி | ஜூன் 5, காலை 6:55

படி மூன்று என்றாலும் ஜூலையில் அந்த ஜன்னல் முழுக்கக் கடல் தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். கோடையில் அங்கே மூடுபனி மதியம் வரை விலகாது, சில நாள் விலகவே விலகாது. கெர்ன்வில்லில் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் குளிப்பார்கள். அங்கிருந்து பதின்மூன்று மைல், இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் ஜென்னரில் ஸ்வெட்டர் போட்டு நடுங்குவார்கள். என் காரில் ஒரு தடவை 91இல் கிளம்பி 57இல் போய் இறங்கினேன். கடலோரத்தில் தங்க வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள், வானம் பளிச்சென்று இருக்கும்.

சாலையும் இருக்கிறது. ஜென்னர் தாண்டி ஒன்றாம் எண் நெடுஞ்சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல், பல இடங்களில் தடுப்பே கிடையாது. பனியில், இருட்டில், பின்சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளையோடு அதை ஓட்ட வேண்டாம். பகலில் ஒரு நாள் போய் வந்தால் போதும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நம் ஆட்கள் மெரினா ஞாபகத்தில் அந்தக் கடலில் கால் நனைக்கப் போவார்கள். கோட் ராக் கடற்கரையில் அது ஆகாது. கரை செங்குத்தாக இறங்கும். தண்ணீர் 50, 55 டிகிரிதான், விழுந்தால் கை கால் விறைக்க ரொம்ப நேரம் ஆகாது. பத்து நிமிடம் சாதுவாக வந்துகொண்டிருந்த அலை, திடீரென்று மூன்று மடங்காக ஏறி வந்து நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். ஸ்னீக்கர் வேவ் என்பார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க எல்லோரையும் முதுகு காட்டி நிற்க வைப்பது நம் வழக்கம். அங்கே மட்டும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையின் கையை விடவே கூடாது.

ஆற்றோரம் தங்குங்கள், கடலை ஒரு நாள் பார்த்து வாருங்கள். என் ஆலோசனை அவ்வளவுதான்.

ஓலைச்சுவடி | ஜூன் 5, காலை 8:40

இழையைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். "ரஷ்யன்" ரிவர் ஏன் என்று பெரியவர் கட்டாயம் கேட்பார், பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜென்னருக்குப் பதினோரு மைல் வடக்கே ஃபோர்ட் ராஸ். 1812இல் ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி அங்கே கோட்டை கட்டியது. கடல்நீர்நாய்த் தோல் வியாபாரம், அலாஸ்காவில் இருந்த தங்கள் ஆட்களுக்குத் தானியம், இரண்டும்தான் நோக்கம். அந்த நிலம் கஷாயா போமோ மக்களுடையது. நீர்நாய் தீர்ந்துபோனது, விவசாயம் சரிப்படவில்லை, 1841இல் ஜான் சட்டரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்லாவ்யான்கா. கோட்டையில் பெரும்பகுதி திரும்பக் கட்டியது, கடைசி மேலாளர் ராட்செவ் இருந்த வீடு மட்டும் பழையது.

இன்னொரு வேண்டுகோள்: தயவுசெய்து யாரும் ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுத வேண்டாம். செம்மரம் சேஷாசலத்தில் இருக்கிறது, அதன் பின்னால் போலீஸ் இருக்கிறது.

இரவுப்பூச்சி | ஜூன் 5, மதியம் 1:17

காட்டுப் பக்கம் மூன்று எச்சரிக்கை.

பாய்சன் ஓக். மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று இருக்கும், பாதையோரம் எங்கும் உண்டு. சேராங்கொட்டைப் பால் பட்டால் எப்படிப் பொங்குமோ அதே கதைதான், இரண்டும் ஒரே குடும்பம். மா, முந்திரியும் அந்தக் குடும்பம்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது.

ரக்கூன். விரல் வைத்த கை அதற்கு. ஐஸ் பெட்டியின் கொக்கியைத் திறக்கும், ஜிப்பை இழுக்கும். சாப்பாட்டை டெக்கில் வைக்கவே கூடாது, காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கடைசியாகப் பாசி. கோடையில் ஆற்றில் நீலப்பச்சைப் பாசி சில இடங்களில் விஷமாகும். 2015இல் ஒரு நாய் இறந்ததிலிருந்து மாவட்டத்தில் தண்ணீரைச் சோதித்துக் கரையில் பலகை வைக்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள், பிள்ளைகள் தண்ணீரை விழுங்க வேண்டாம், ஒதுங்கிக் கிடக்கும் பாசியைத் தொட வேண்டாம்.

பூவரசு | ஜூன் 8, இரவு 10:20

முன்பதிவு செய்துவிட்டேன். கெர்ன்வில்லுக்கும் மான்டி ரியோவுக்கும் நடுவில், ஆற்றிலிருந்து சாலையைத் தாண்டி மேட்டுப் பக்கம். ஆறு தெரியாது, நடந்தால் ஆறு நிமிடம். படி நான்கு, எழுத்தில் வாங்கிவிட்டேன். கழிவறை உள்ளே. நான்கு பர்னர் அடுப்பு. வெளியே கேஸ் அடுப்பு வைக்க அனுமதி, விறகு மூட்டக்கூடாது. வெள்ளி வேண்டாம் என்று திங்கள் முதல் வியாழன் வரை எடுத்தேன், ராத்திரிக்கு 215 டாலர். பையனுக்காக வீட்டு முற்றத்தில் எங்கள் சொந்தக் கூடாரத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அதில் அவனும் அவன் அப்பாவும் படுப்பார்கள்.

தயிர்வடை | ஜூன் 8, இரவு 10:31

சாமியானா இலவசம். இப்போதுதான் மனசு ஆறியது.

பூவரசு | ஆகஸ்ட் 2, மாலை 4:05

போய் வந்தோம். கேட்ட கேள்விக்கு என்ன ஆயிற்று என்று எழுதாமல் போவது முறையில்லை, எழுதுகிறேன்.

கேபின் படத்தில் இருந்ததைவிடச் சின்னது. தரைப்பலகை ஓரிடத்தில் மிதித்தால் முனகும், ராத்திரி யார் எழுந்தாலும் வீட்டுக்கே தெரியும். வெந்நீர்த் தொட்டி மூன்று பேருக்குத்தான், நான்காவதாகக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர். மூன்று நாளும் நான்காவது ஆள் நான். கூடத்தில் ஒரு ஹீட்டர், அண்ணா சொன்னது போலவே சூடு படுக்கையறைக்கு வரவில்லை. அம்மா தன் கட்டிலை விட்டுவிட்டுக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டார். அங்கிருந்து கழிவறை ஆறு அடி. இதைவிடச் சொகுசு எந்த ஓட்டலிலும் இல்லை என்றார்.

முதல் காலை ஆம்ஸ்ட்ராங் ரெட்வுட் காட்டுக்குப் போனோம். கெர்ன்வில்லிலிருந்து இரண்டு மைல்தான். பாதை சமதளம், முழங்காலுக்குப் பிரச்சினையே இல்லை. பார்சன் ஜோன்ஸ் என்ற மரம் 310 அடிக்கு மேல். கர்னல் ஆம்ஸ்ட்ராங் என்பதற்கு 1,400 வயதுக்கு மேலாம். பெரியவன் மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தான். அம்மா ஒரே மரத்தின் பக்கத்தில் நின்றுவிட்டார். பட்டையை விரலால் மெல்ல நெருடிப் பார்த்துவிட்டு, "நார்டி இது. தேங்காய் மட்டை மாதிரியே இருக்கு. கயிறு திரிக்கலாம்" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நாலைந்து தடவை அங்கே போயிருக்கிறேன், ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

மதியம் ஜான்சன்ஸ் பீச். ஆற்றின் குறுக்கே கோடைக்கு மட்டும் ஒரு தடுப்பணை போடுகிறார்கள், செப்டம்பர் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் தேங்கி நிற்பதால் பிள்ளைகள் குளிக்க, படகு விட வசதி. பாசிப் பலகை பார்த்தோம், அன்று எச்சரிக்கை எதுவும் இல்லை. பிள்ளைகள் குளித்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடுப்பணைப் பக்கம் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. பலகையை எப்படிச் செருகுகிறார்கள், கசிவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்து, "மழையே இல்லாத ஊர்ல ஜூலை மாசம் இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ராத்திரி கேபினில் இருவருமாகத் தேடினோம். கோடையில் அங்கே ஓடுவது பெரும்பாலும் அணைத் தண்ணீராம். 1958இல் கட்டிய மென்டசினோ ஏரி ஒன்று, எண்பதுகளில் வந்த சோனோமா ஏரி இன்னொன்று. அதுபோக, வடக்கே ஓடும் ஈல் ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக 1908 முதலே தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பெரியாறு மாதிரி" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் முல்லைப்பெரியாறு கேட்டோம்.

அன்று ராத்திரிதான் கூடாரம். பெரியவனும் அவன் அப்பாவும் முற்றத்தில் படுத்தார்கள். இரவுப்பூச்சி சொன்னதைக் கேட்டு ஐஸ் பெட்டியைக் காரில் வைத்துப் பூட்டியிருந்தோம். ஆனால் என்னவர் தலைமாட்டில் ஒரு பொட்டலம் முறுக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டரை மணிக்கு ஒரு அலறல். போய்ப் பார்த்தால் கூடாரத்தின் ஜிப் ஒரு சாண் திறந்திருக்கிறது. வெளியே இரண்டு ரக்கூன், டார்ச் வெளிச்சத்தைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்து முறுக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. பையன் அலறவில்லை. மிச்சம் ராத்திரியை என்னவர் காரில் கழித்தார். பையன் கூடாரத்தை விட்டு வர மாட்டேன் என்றதால் நான் போய்ப் படுத்தேன். மழைக்காகிதம், நான்கு மணிக்கு உங்கள் டொப் டொப் கேட்டது. உண்மைதான்.

மூன்றாம் நாள் ஜென்னர். அண்ணா சொன்ன அதே பனி. கோட் ராக் பக்கம் காரை நிறுத்திவிட்டு, அலைக்கு ரொம்ப தூரத்திலேயே நின்றோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் நீளமாக ஒரு மணல்திட்டு. அதன் மேல் சீல்கள் மூட்டை அடுக்கியது போலப் படுத்திருந்தன. தன்னார்வலர் ஒருவர் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், ஐம்பது கஜத்துக்குக் கிட்டே போகக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறார். பிள்ளைகள் சீல்களை எண்ணினார்கள். சின்னவள் 46 என்றாள், பெரியவன் 61 என்றான்.

அப்பா சீல் பக்கமே திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "பாரு, முகத்துவாரம் மூடிக் கிடக்கு. அடையாறு மாதிரியே" என்றார். திட்டு முழுசாக அடைத்திருந்தது. உள்ளே ஆற்று நீர் ஏரி போல நிற்கிறது, வெளியே கடல் அடிக்கிறது, நடுவில் மணல் மட்டும். சென்னையில் இருந்த காலத்தில் அடையாறு முகத்துவாரத்தைப் பொக்லைன் வைத்து வெட்டிவிடுவார்களாம், கொஞ்ச நாளில் கடல் மறுபடி மூடிவிடுமாம். இங்கே யார் வெட்டுகிறார்கள் என்று கேள் என்றார். தன்னார்வலரைக் கேட்டேன். மாவட்டத் தண்ணீர் நிறுவனம் வெட்டுகிறது, உள்ளே மட்டம் ஏறினால் ஜென்னரின் தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால். ஆனால் மே 15 முதல் அக்டோபர் 15 வரை ஆழமாக வெட்டிக் கடலை உள்ளே விடுவதில்லையாம். ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகள் வளர நன்னீர் தேங்கி நிற்க வேண்டும், அதனால் மேலாக ஒரு கால்வாய் கீறி, மிஞ்சும் நீரை மட்டும் வழியவிடப் பார்ப்பார்களாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். "மீனுக்காக வெட்டாம வைக்கிறானா" என்று ஒரு தடவை கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "எங்களுக்கு அப்படி யாரும் சொல்லலையே" என்றார். குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அம்மா காரில் உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

ஃபோர்ட் ராஸ் போக நேரம் இல்லை. ஓலைச்சுவடி மன்னிக்க வேண்டும், பெயர்க் காரணத்தை மட்டும் சொல்லிவிட்டேன். தாளிப்பு எல்லாம் வெளியேதான், அலாரம் வாயே திறக்கவில்லை. துண்டுக் கட்டணமும் வரவில்லை.

சின்னக்குடை | ஆகஸ்ட் 2, மாலை 5:50

கைலித் துண்டு வாழ்க.

தயிர்வடை | ஆகஸ்ட் 2, மாலை 6:14

முறுக்கு யார் சுட்டது? காட்டு மிருகம் ஜிப் திறந்து வந்து சாப்பிடுகிறது என்றால் பக்குவம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பூவரசு | ஆகஸ்ட் 2, மாலை 6:20

அம்மாதான். சொன்னேன், மாவு கொஞ்சம் மிருதுவாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்.

கல்கண்டு (மில்பிடாஸ்) | ஜனவரி 12, இரவு 9:02

பழைய இழையை எழுப்புகிறேன். மார்ச்சில் சீல் குட்டி போடும் என்றார்கள். அப்போது இதே பக்கம் கேபின் எடுக்கலாமா? என் மாமியாரும் வருகிறார்.

நெய்தல்வாசி | ஜனவரி 13, காலை 7:10

போகலாம். மார்ச்சில் குட்டி போட ஆரம்பிக்கும், ஐம்பது கஜக் கணக்கை அப்போது இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஆனால் அது மழைக்காலத்தின் வால். பணம் திரும்பக் கிடைக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள், போவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து கெர்ன்வில் அளவுமானியில் ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள், இணையத்தில் யாருக்கும் தெரியும்படி போட்டிருக்கிறார்கள். மேட்டுப் பக்கக் கேபினாக இருந்தாலும் சாலை ஆற்றோரமாகத்தான் வருகிறது.

பூவரசு | ஜனவரி 13, காலை 8:25

கல்கண்டு, அந்த வேலையை அப்பா பார்த்துக்கொள்வார். ஊருக்குப் போனதிலிருந்து தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். இன்று காலை வாட்ஸப்பில் வந்தது: "18 அடி. ஏறுமுகம். அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடு."